மேகலா ஆஜராகவில்லை

கதிர்வேலின் நாக்கு ஒரே ஓர் இடத்தில் சறுக்கியது. சறுக்கின நேரம் அரை வினாடி இருக்கும். அதற்காக மூன்று பெண்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒரு மச்சான் திருப்புட்குழியிலிருந்து பைக்கில் வந்து சட்டையைப் பிடித்தான். ஒரு வாரியத் தலைவர் வீட்டில் இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. குழந்தையின் கண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கதிர்வேல் பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கிறவன். தறியில் ஒரு பாவு தீர்ந்துபோனால், பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒன்றைத் தவற விட்டால் சேலை முழுக்க ஒரு கோடு ஓடும், முதலாளி வாய் திறப்பார். அதனால் எதையும் வரிசையாக, விடாமல், சொன்னபடி செய்கிறவன் அவன். இப்படிப்பட்ட ஆளைத்தான் ஆபீசுகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவன் பெண் சந்தியாவுக்கு ரெண்டரை வயது. வலது கண் உங்களைப் பார்க்கும். இடது கண் மூக்கைப் பார்க்கும். தெருவில் எல்லோரும், "மாறுகண்ணு பொண்ணு, வூட்டுக்கு யோகம்பா" என்று வாழ்த்திவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். யோகம் என்னவோ வந்தபாடில்லை. குழந்தை பிஸ்கட்டை எடுக்கக் கை நீட்டினால் பிஸ்கட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளித் தரையைப் பிடிக்கும். ரெண்டாவது தடவை தட்டைப் பிடிக்கும். மூன்றாவது தடவைதான் பிஸ்கட். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் தின்று முடித்திருப்பான்.

கண் டாக்டர் காயத்ரி பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். "வயித்துல இருக்கும்போதே ஒரு வைரஸ் பிடிச்சிருக்கு. சைட்டோமெகலோ வைரஸ்னு பேரு. அம்மாவுக்கு லேசா உடம்பு சூடு மாதிரி வந்துட்டுப் போயிருக்கும், தெரிஞ்சே இருக்காது. ஒரு காது மந்தமா இருக்கிறதும் அதனாலதான், கண்ணு திரும்பினதும் அதனாலதான். தசையைச் சரி பண்ணி நேர்ப்படுத்திடலாம். ஆனா மூணு வயசு முடியறதுக்குள்ள பண்ணிடணும்னு பாக்கிறேன். தள்ளிப்போனா, இந்தக் கண்ணு காட்டறதை மூளை வாங்கிக்கவே மாட்டேன்னுடும். அப்புறம் நேரா வெச்சாலும் பாக்கிறவங்களுக்குத்தான் அழகு, அவளுக்குப் பிரயோசனம் இருக்காது."

கதிர்வேலின் மனைவி பிரவீனா ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கேர்ந்து மேடம் வந்துச்சு?"

"சின்னப் பசங்க எச்சில், மூக்குச்சளி, எதிலேர்ந்தாவது. யார் மேலயும் தப்பு கிடையாதும்மா."

தப்பு கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரவீனாவுக்குக் காதில் விழவில்லை. கர்ப்பமாக இருந்தபோது எந்தக் கல்யாணத்தில் எந்தக் குழந்தை மிச்சம் வைத்த சோற்றை வழித்துத் தின்றேன் என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தவள்தான்.

இனி வாரியம். வயிற்றிலேயே தொற்று வந்த குழந்தைக்குக் கத்தி வைக்க வேண்டுமானால் பிறவித் தொற்று அறுவை ஒப்புதல் வாரியத்தின் தாள் இல்லாமல் தியேட்டர் கதவு திறக்காது. ஏன் என்று கேட்காதீர்கள். வாரியத்திலும் யாருக்கும் தெரியாது.

தை மாதம் ஒரு திங்கள்கிழமை. ஷேர் ஆட்டோவில் வழி நெடுக "சைட்டோமெகலோ, சைட்டோமெகலோ" என்று மனப்பாடம் செய்துகொண்டே போனான் கதிர்வேல். ரங்கசாமி குளம் திருப்பத்தில் ஒரு பள்ளம். ஆட்டோ தூக்கிப் போட்டதில் தலை கம்பியில் இடித்தது. அங்கேதான் எழுத்து இடம் மாறியிருக்க வேண்டும்.

வாரியத்தில் எழுத்தர் யேசுதாஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். "வியாதி?"

"சைட்டு மேகலா சார்."

யேசுதாஸ் முதல் தடவையாக முகத்தைத் திருப்பி ஆளைப் பார்த்தார். "யோவ், வியாதியைக் கேட்டா சைட்டடிச்ச கதையைச் சொல்றே?"

"இல்ல சார், அதான் சார் புள்ளைக்கு வந்துச்சு. வயித்துல இருக்கச்சொல்லவே வந்துட்டதா டாக்டரம்மா சொன்னாங்க."

"ஒன்பதாம் கலம், தொற்று யாரிடமிருந்து வந்தது. மேகலா." தட்டினார். "பத்தாம் கலம். இப்ப எங்க இருக்கு?"

"உள்ளதான் சார் இருக்கும். ஒரு தபா வந்தா போவவே போவாதாம். ஆயுசுக்கும் கூடவே இருக்குமாம்."

"நிரந்தரமாக உடன் வசிப்பவர்." தட்டினார். அச்சாகி வந்த தாளைப் படித்த கதிர்வேல் அதைத் திருப்பி நீட்டினான்.

"சார், அது ஆளு இல்ல சார், வைரஸு."

"பேரு மேகலாதானே?"

"பேரு... அப்படித்தான் சார். ஆனா..."

"பதிவாயிடுச்சுபா. பேரை நீக்கணும்னா நீக்கல் படிவம் இருக்கு, தரேன். அதுல சம்பந்தப்பட்டவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். மேகலாவைக் கூட்டிக்கினு வா, ரெண்டு நிமிஷ வேலை." சும்மா சொல்லக்கூடாது, யேசுதாஸ் நல்ல மனுஷர். படிவத்தை மடிப்பு விழாமல் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

மேகலாவைக் கூட்டிக்கொண்டு வர முடியாததால் வாரியமே மேகலாவைக் கூப்பிட்டது. மாசி மாதம் கதிர்வேல் வீட்டுக் கதவில் பசை தடவி ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'மேற்படி கதிர்வேல் இல்லத்தில் நிரந்தரமாக உடன் வசித்து வரும் திருமதி/செல்வி சைட்டு மேகலா என்பவர் விசாரணைக்கு ஆஜராகும்படி இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.' பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் நிற்பது எங்கேயாவது சாவு விழுந்தால்தான். அன்றைக்கு நின்றது. ஒருத்தர் விடாமல் வந்து படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் கொஞ்சம் சேர்த்தே சொன்னார்கள்.

மறுநாள் காலை பிரவீனாவின் அண்ணன் சிவபாலன் திருப்புட்குழியிலிருந்து வந்து இறங்கினான். வண்டி ஸ்டாண்டைப் போடக்கூட இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, அவன் மறு பக்கம் பாய்ந்தான்.

"யார்ரா மேகலா?"

"வைரஸு மச்சான்."

"பொம்பளைக்கு வைரஸுன்னு பேரு வெச்சுக்கினு கூப்புடறியா? அவ்ளோ செல்லமா?"

பிரவீனா வந்து ரெண்டு பேரையும் பிரித்து, அண்ணனை உட்கார வைத்து, டாக்டர் சீட்டைக் காட்டி விளக்கினாள். சிவபாலன் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். எல்லாம் புரிந்தது என்றான். போகும்போது தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, "இருந்தாலும் ஒரு கண்ணு வெச்சுக்கோமா" என்றான்.

பங்குனி உத்திரம் போயிற்று. இரண்டாவது நோட்டீஸ், மூன்றாவது நோட்டீஸ். ஒவ்வொன்றுக்கும் கதிர்வேல் வேலையை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாரியத்துக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் டவாலி நின்று, "மேகலா! மேகலா! மேகலா!" என்று மூன்று முறை கூவினார். ஒவ்வொரு தடவையும் கதிர்வேல் திரும்பிப் பார்த்தான், என்ன இருந்தாலும் யாராவது வந்துவிட்டால் தேவலை என்று அவனுக்கே ஆசை வந்துவிட்டது. கோப்பில் சிவப்பு முத்திரை விழுந்தது: மேகலா ஆஜராகவில்லை. சந்தியா அந்த முத்திரையைப் பிடிக்கக் கை நீட்டி மேஜை விளிம்பைப் பிடித்தாள்.

வாரியத் தலைவர் கலியாணசுந்தரம் அன்றைக்கு அறையில் இருந்தார். கதிர்வேலைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே பெரிய விஷயம், அந்த நாற்காலியில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்த வாரியம் ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆகுது. இந்த ஏழு வருஷத்துல நாங்க அனுமதி கொடுத்து நடந்த எந்த ஆபரேஷன்லயும் ஒரு சின்னத் தப்புகூட நடந்ததில்ல. இந்தியாவுல வேற எந்த வாரியமும் இப்படி மார் தட்டிச் சொல்ல முடியாது."

"எத்தினி ஆபரேஷன் நடந்துதுங்க ஐயா?"

"அதைத்தானே சொல்றேன், ஒண்ணுகூட தப்பா நடக்கல."

"ஒண்ணுமே நடக்கலபா" என்று யேசுதாஸ் பின்னாலிருந்து விவரம் சொன்னார்.

தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார். "அவசரப்படக் கூடாது தம்பி. நம்ம ஊரு சாமியையே எடுத்துக்கோ. கண்ணு போன ஒரு அடியார் ஏகாம்பரநாதர் சன்னதிக்கு வந்து அழுதாரு. சாமி என்ன பண்ணிச்சு? ஒரு கண்ணுதான் கொடுத்துச்சு. மறு கண்ணுக்குத் திருவாரூர் போன்னு அனுப்பிடுச்சு. நினைச்சா ரெண்டையும் இங்கயே கொடுத்திருக்க முடியாதா? முடியும். ஆனா எல்லை தாண்டல பாரு! அதான் நிர்வாகம்."

கதிர்வேல் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, ஆனியில புள்ளைக்கு மூணு வயசு முடியுதுங்க. அதுக்கப்புறம் பண்ணியும் பிரயோசனம் இல்லன்றாங்க."

"ஆனியா?" தலைவர் நாட்காட்டியைப் பார்த்தார். "நிறைய நாள் இருக்குதே! அதுக்குள்ள மேகலாவைப் பிடிச்சுடுவோம்."

பிடிக்கத்தான் செய்தார்கள். ஊரில் எங்கெங்கே மேகலா என்று பெயர் உண்டோ அங்கெல்லாம் சம்மன் போனது. மூன்று பேர் அகப்பட்டார்கள். ஏனாத்தூரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை வைத்திருப்பவர், கல்யாண மண்டபத்தில் சமைக்கிற ஓர் அம்மா. மூன்று பேரும் கதிர்வேலை ஏற இறங்கப் பார்த்து, "இந்த மூஞ்சியை நான் பார்த்ததே இல்ல" என்றார்கள். இட்லிக்கடை மேகலா இன்னும் நாலு வார்த்தை கூடவே சொன்னார். அதை அச்சில் ஏற்ற முடியாது. வாரியம் அவர்கள் வாய்ச்சொல்லை நம்பவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பியது.

மூன்று பேருக்கும் பாசிட்டிவ்.

வாரியத்தில் அன்றைக்குக் கேசரி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மேகலாவைத் தேடின இடத்தில் மூன்று! தலைவர் டாக்டர் காயத்ரியை வரவழைத்து, இந்த மூவரில் யார் என்று கண்டுபிடித்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். டாக்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"சார், இது ஊர்ல முக்காலே மூணு வீசம் பேருக்கு இருக்கும். சின்ன வயசுல வந்துட்டு உள்ளேயே தூங்கிக்கிட்டிருக்கும், ஒண்ணும் செய்யாது. வயித்துல இருக்கிற குழந்தைக்குப் போனாதான் தொந்தரவு. மேகலான்னு பேரு இருக்கிறவங்களுக்கு மட்டும் இல்ல சார், இந்த ரூம்ல யாருக்கு எடுத்தாலும் பாசிட்டிவ்தான் வரும். உங்களுக்கும் வரும்."

"எனக்கா?" கலியாணசுந்தரம் மேல்துண்டை உதறிப் போட்டார். "நான் வெளியில தண்ணிகூட குடிக்கிறதில்லம்மா. எடுத்துப் பாருங்க!"

எடுத்தார்கள். மூன்றாம் நாள் முடிவு தலைவர் வீட்டு முகவரிக்குப் போனது. அந்தச் சோதனைக்கு வாரியம் தனிக் கலம் அடித்து வைத்திருந்ததால், தாளில் இப்படி இருந்தது: 'திரு. கலியாணசுந்தரம். மேகலா: உண்டு. பல வருடங்களாக.' கவரைப் பிரித்தது அவர் சம்சாரம்.

அடுப்பு விஷயம் முன்பே சொல்லியாயிற்று.

வைகாசி கருட சேவையும் போன பிறகு, முழு வாரியம் கூடியது. கதிர்வேல் குழந்தையோடு ஒரு பக்கம் நின்றான். பிரவீனா பக்கத்தில். தலைவர் கண்ணுக்குக் கீழே கருவளையம். வீட்டில் இட்லி மாவு அரைத்து எத்தனை நாள் ஆயிற்றோ.

"இந்தக் கோப்பை இன்னிக்கு மூடியே ஆகணும்" என்றார். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குது. மேகலா நேர்ல வந்து, ஆபரேஷனுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா ஆறு மாசம் தள்ளி வெச்சு, தினசரியில விளம்பரம் கொடுத்து..."

ஆறு மாசம் என்றதும், எத்தனையோ ஆயிரம் இழையைச் சேர்த்த கதிர்வேலின் விரல்கள் குழந்தையின் சட்டையைப் பிடித்துப் பிடித்து விட்டன. அவன் வாயைத் திறப்பதற்குள் பிரவீனா முன்னால் வந்தாள்.

"நான்தான் மேகலா."

யேசுதாஸின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

"இன்னா பாக்கறீங்க? அவ எங்க இருந்தா? என் ஒடம்புலதானே இருந்தா? எங்கிட்டேர்ந்துதானே எம்புள்ளைக்குப் போச்சு? அஞ்சாறு மாசமா நானும் தேடிக்கினுதான் இருக்கேன் சார். எந்தப் புள்ளை மூக்கைத் தொடச்சேன், எதைத் தின்னேன், எவ வூட்டு விசேஷத்துக்குப் போனேன்னு தேடாத நாளு இல்ல. டாக்டரம்மா தப்பு இல்லன்னாங்க, இவரும் இல்லன்னாரு. நீங்கதான் சார் கதவுல நோட்டீசு ஒட்டிக் குத்தவாளியைக் கூப்புட்டீங்க. தோ, வந்துட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அவள் மேஜையிலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தாள். யேசுதாஸ் மெதுவாக, "ஆதார்ல பிரவீனான்னு இல்ல இருக்கும்..." என்று இழுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் போன் அடித்தது. வீட்டிலிருந்து. அவர் எழுந்து நின்றே பேசினார். "கவலைப்படாதேமா, மேகலா கிடைச்சுட்டா. ஆமா, இங்க என் எதிர்லதான் நின்னுக்கினு இருக்கா." எதிர்முனையில் போன் வைக்கப்பட்ட சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. கலியாணசுந்தரம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆதாரும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார். "எழுதிக்கோ."

பிரவீனா 'மேகலா' என்று கையெழுத்துப் போட்டாள். 'ஆபரேஷனுக்கு எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.' உலகத்தில் ஒரு வைரஸ் எழுதிக் கொடுத்த முதல் சம்மதக் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அதோடு முடிந்ததா? தலைவருக்குக் கடைசி நேரத்தில் ஒரு ஞானோதயம் வந்தது. "நோய்க்கு மூலம் மேகலா. மூலத்தை விட்டுட்டுக் குழந்தைக்குப் பண்ணி என்ன பிரயோசனம்? மேகலாவுக்கே ஆபரேஷன் பண்ணுவோம், வேரோட போகட்டும்." உறுப்பினர்கள் கை தட்டினார்கள். உத்தரவு அங்கேயே அச்சானது: 'மேகலா என்பவருக்கு மாறுகண் நேராக்கும் அறுவை சிகிச்சை செய்ய அனுமதி அளிக்கப்படுகிறது.' ஏழு வருடத்தில் முதல் அனுமதி.

கதிர்வேல் தாளை வாங்கி ரெண்டு தடவை படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் காயத்ரி முன்னால் வைத்தான். டாக்டர் படித்தார். பேனாவை எடுத்தார். குழந்தையின் சீட்டில் பெயர் இருந்த இடத்தில் எழுதினார்: 'சந்தியா என்கிற மேகலா.'

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்த 'என்கிற' இருக்கிறதே, அதற்குக் கோயில் கட்டலாம்.

ஆபரேஷன் முடிந்தது. மூன்று வயது முடிய ஒன்பது நாள் இருந்தது. கண் நேரானது, ஆனால் டாக்டர் பல்லைக் காட்டிச் சமாதானம் சொல்லவில்லை. "நாலு மாசம் வீணாப்போச்சு. தையிலேயே பண்ணியிருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். இப்போ அந்தக் கண்ணும் சேர்ந்து பாக்குதான்னு போகப் போகத்தான் தெரியும். நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் மூடி வெச்சு, இதுக்கு வேலை கொடுங்க." கண்ணை மூடும்போதெல்லாம் சந்தியா கத்தித் தெருவைக் கூட்டினாள். பிரவீனா பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் மூடினாள். பிஸ்கட்டைத் தட்டில் வைப்பார்கள். கை தரையில் போய் விழும். கதிர்வேலும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

ஆவணியில் வாரியத்திலிருந்து கள ஆய்வு என்று யேசுதாஸ் வந்தார். குழந்தையின் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார், குறித்துக்கொண்டார், காபி குடித்தார், போனார். ரெண்டு வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. கதிர்வேல் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பிரித்தான். பிரவீனா பின்னால் வந்து நின்றாள்.

'குழந்தை சந்தியாவுக்கு அறுவை சிகிச்சை கோரி தாங்கள் அளித்த விண்ணப்பம் வாரியத்தின் தீவிரப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நேரில் ஆய்வு செய்ததில் குழந்தையின் இரு கண்களும் நேராகவே உள்ளன எனக் கண்டறியப்பட்டதால், மேற்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இனிமேல் இத்தகைய பொய்யான தகவல்களைத் தர வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறீர்கள். இதற்கு எழுத்துமூலம் பதில் அளிக்கவும்.'

கதிர்வேல் ரெண்டாம் தடவை படிக்கத் தாளை முகத்துக்கு நேரே தூக்கினான். சந்தியா நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டினாள்.

ஒரே பிடி. தாளின் ஓரம் அவள் கையில் இருந்தது. தள்ளியும் போகவில்லை, தடவித் தேடவும் இல்லை.

பிரவீனா கதிர்வேலின் தோளை நகம் பதிய அழுத்திப் பிடித்திருந்தாள். "இன்னொரு தபா நீட்டுய்யா" என்றாள். அவன் தாளை விடுவித்து, இந்தப் பக்கம் நீட்டினான். பிடித்தாள். அந்தப் பக்கம் நீட்டினான். பிடித்தாள். நாலாவது தடவை வாரியத்தின் முத்திரையோடு சேர்த்து நடுவில் கிழித்துவிட்டு, பெரிதாகச் சிரித்தாள்.

"பதில் போடணும்னு இருக்குதேம்மா அதுல" என்றான் கதிர்வேல், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மேகலா போடுவா" என்றாள் பிரவீனா.